சாராயத்தின் மேல் பழி போட்டது போதும்

தோட்டக் கமிட்டித் தலைவராக இருந்த காலத்தில் நான் வைத்திருந்த முறைப்பாட்டுப் புத்தகம் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. கொழுந்து நிறுவையில் கிலோ பிடித்தது, அரைப்பேர் போட்டது, லயத்துக் கூரைத்தகரம் மாற்றாதது என்று ஒவ்வொன்றையும் திகதி போட்டு விவரமாக எழுதியிருக்கிறேன். ஆனால், புருஷன் அடித்து அழுதுகொண்டு வந்த பெண்களின் பக்கங்களில் இரண்டே சொற்கள்: “குடும்பப் பிரச்சினை”. அதற்கு எதிரே, “பேசித் தீர்க்கப்பட்டது”.

எப்படிப் பேசித் தீர்த்தோம் என்பது இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் தெளிந்திருக்கிற நேரமாகப் பார்த்து, கோயில் முன்னாலோ தலைவர் வீட்டு இஸ்தோப்பிலோ இருவரையும் கூப்பிடுவோம். நாலு பெரியவர்கள் இருப்பார்கள். அவனை ஏசுவோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “குடிச்சிட்டேன் தலவரே, இனிமே தொடமாட்டேன்” என்பான். சூடம் அணைத்துச் சத்தியம் செய்வான். “புள்ளைங்க முகத்தப் பாத்து நடந்துக்கம்மா” என்று அவளுக்கும் ஒரு புத்தி சொல்லி, அவனோடேயே அனுப்பிவைப்போம்.

ஒரு பெண் இப்படி மூன்று முறை வந்தாள். ஊர், பேர் வேண்டாம். மூன்றாம் முறை, மற்றவர்கள் எழுந்துபோன பிறகு வாசற்படியில் நின்று, “தலவரே, அடிக்கிறதக்கூட தாங்கிக்கிறேன். ராவுல ஒரே தொந்தரவா இருக்கு” என்றாள். எனக்கு விளங்கியது. விளங்காதவன் போல, “சரி புள்ள, நான் அவன்கிட்ட சொல்றேன்” என்றேன். அவனிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றைக்கும் புத்தகத்தில் “பேசித் தீர்க்கப்பட்டது” என்றே எழுதினேன்.

“தொந்தரவு” என்பதைத் தவிர நம் பெண்களுக்கு இதற்கு வேறு வார்த்தை இல்லை. அதையும் வாழ்நாளில் ஒரு தடவை, ஒருவரிடம்தான் சொல்வார்கள். நாம் கேட்காததுபோல் இருந்துவிட்டால் மறுபடி சொல்லமாட்டார்கள். ஆகவே நான் இங்கே வெளிப்படையாகவே எழுதுகிறேன். மனைவிக்கு விருப்பமில்லாதபோது அடித்தோ, மிரட்டியோ, சந்தேகப் பேச்சால் வதைத்தோ, செலவுக்குக் காசு கொடுக்காமல் பணியவைத்தோ உடலுறவு கொள்வது பாலியல் வல்லுறவு. தாலி கட்டியவன் செய்தாலும் அது அதுதான். வீட்டில் அடிவாங்குகிற பெண்களில் பலருக்கு அடியோடு இதுவும் சேர்ந்தே நடக்கிறது. அடி வெளியே தெரிகிறது, இது தெரிவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், மறைவுக்கு ஒரு சேலை கட்டிய இடத்தில், பிள்ளைகள் விழித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கிறார்கள். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் கூட்டிவைக்கிறார்கள்.

2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் பெண்களிடம் ஓர் ஆய்வு செய்தது. துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர், தன் வாழ்நாளில் அவனிடமிருந்து உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்ததாகச் சொன்னார். வாய்திறந்து சொன்னவர்களின் கணக்கு இது.

ஏன் செய்கிறான் என்று கேட்டால் நம்மிடம் ஒரே பதில்தான்: குடி. தலைவர் சொல்வது அது, கோயில் ஐயர் சொல்வது அது, பொலிசில் சொல்வது அது. அடிவாங்கினவளே, “குடிக்காட்டி தங்கமான மனுசன்” என்பாள். நானும் பல வருஷம் அதையே சொன்னவன். இப்போது அதை நான் நம்பவில்லை.

ஐக்கிய நாடுகள் அமைப்புகள் சேர்ந்து ஆசிய, பசுபிக் நாடுகள் ஆறில் நடத்திய ஓர் ஆய்வு 2013 இல் வெளிவந்தது. வங்காளதேசம், கம்போடியா, சீனா, இந்தோனேசியா, பப்புவா நியூகினியா ஆகியவற்றோடு நம் நாடும் அதில் இருந்தது. ஆண்களிடமே, 10,000க்கும் அதிகமான ஆண்களிடம் கேட்டார்கள். இலங்கைப் பகுதியைக் கெயார் நிறுவனம் செய்தது, அதில் நம் நுவரெலியா மாவட்டமும் ஒன்று. “வல்லுறவு செய்தாயா” என்று கேட்டால் எவனும் ஆமென்று சொல்லமாட்டான். ஆகவே, விருப்பமில்லாத மனைவியையோ வேறு பெண்ணையோ வற்புறுத்தி உறவு கொண்டது உண்டா என்று நடந்த காரியத்தைக் கேட்டார்கள். கூச்சமான கேள்விகளுக்கு ஒருவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாமல், கையிலிருக்கிற சின்னக் கருவியில் தானே பதிந்துவிட வசதி செய்திருந்தார்கள்.

செய்ததாக ஒப்புக்கொண்டவர்களிடம் காரணம் கேட்டபோது, நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சொன்ன காரணம் ஒன்று: எனக்கு வேண்டியிருந்தது, எனக்கு அந்த உரிமை இருந்தது. அதற்கு அடுத்து, பொழுதுபோக்காக என்றவர்கள். அதற்கும் கீழே, கோபத்தில், அவளைத் தண்டிக்க என்றவர்கள். எல்லாவற்றிலும் கடைசியில்தான் குடி வந்தது. செய்தவர்களே குடியைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள். நாம்தான் அவர்களுக்காக அதை முதலில் தூக்கி வைக்கிறோம்.

நம் லயத்திலேயே பாருங்கள். இரண்டு பேர் ஒரே போத்தலைப் பங்கு போட்டுக் குடிக்கிறார்கள். ஒருவன் வந்து சுருண்டு படுத்துத் தூங்குகிறான், மற்றவன் பெண்டாட்டியின் தலைமயிரைப் பிடிக்கிறான். போத்தல் ஒன்றுதானே? எவ்வளவு வெறியானாலும் அவன் துரை பங்களாவுக்குப் போய்க் கதவை உதைப்பதில்லை. கணக்கப்பிள்ளையை அறைவதில்லை. யார் மேல் கை வைக்கலாம், யார் மேல் வைக்கக்கூடாது என்ற கணக்கு வெறியிலும் அவனுக்குத் தப்புவதில்லை. எங்கள் மாதர் சங்கத் தலைவியிடம் ஒரு பெண் சொன்னாளாம்: “குடிச்சா விழுந்து தூங்கிருவாரு அக்கா, குடிக்காத ராத்திரிதான் எனக்கு பயம்.” குடி வண்டியின் பிரேக்கைக் கழற்றிவிடும், அதை நான் மறுக்கவில்லை. அடி பலமாவதும் அடிக்கடி விழுவதும் குடியால்தான். கசிப்புக்கு எதிரான நமது சங்கத்தின் வேலை நிற்கக்கூடாது. ஆனால் வண்டி யார் மேல் ஏற வேண்டும் என்பதைக் குடிக்கு முன்னாலேயே அவன் மனதில் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த எழுத்து என்ன? “அவ என்னோடவ.” இதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்கிறான். அவள் எடுத்த கொழுந்துக்கு உரிய சம்பளத்தையே ஆண் கைநீட்டி வாங்கிய தோட்டங்கள் நம் மலையகத்தில் எத்தனையோ இருந்தன. அவள் உழைப்பு தன்னுடையது என்று நினைக்கிறவன், அவள் உடம்பு தன்னுடையது இல்லை என்று எப்படி நினைப்பான்? “முடியல” என்று அவள் சொன்னால் அது அவனுக்கு ஒரு பதிலாகவே கேட்பதில்லை, திமிராகக் கேட்கிறது.

இரண்டாவது, சந்தேகம். மலையில் எந்தக் கங்காணியோடு பேசினாள், நிறுவைக்குப் போனவள் ஏன் பத்து நிமிஷம் பிந்தினாள், போனில் யார் மிஸ்கோல் கொடுத்தது. வெளிநாட்டில் வேலை செய்து திரும்பிவந்த பெண்ணென்றால் கேட்கவே வேண்டாம். இப்படிப்பட்டவனுக்கு உடலுறவு ஆசையால் வருவது குறைவு. அது ஒரு சோதனை, ஒரு முத்திரை குத்தல். அவள் மறுத்தால், “வேற எவனோ இருக்கான்” என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறான். மனநலம் படித்தவர்கள் இந்த ஆண்களைப் பற்றி எழுதும்போது திரும்பத் திரும்பச் சொல்வது, உள்ளே இருப்பது பலமல்ல, பயம் என்பதுதான். இவள் விட்டுப்போய்விடுவாளோ என்கிற பயம். பயந்தவன் என்பதற்காக அவனை நான் இரக்கத்தோடு பார்க்கச் சொல்லவில்லை. பயந்த நாய்தான் கடிக்கும் என்பது லயத்தில் இருக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அடித்துவிட்டு அன்றிரவே “சமாதானம்” தேடுகிறவனும் இருக்கிறான். அழுகிறான், காலைப் பிடிக்கிறான், பிறகு கையைப் பிடித்து இழுக்கிறான். அவள் இணங்கினால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் மனம் ஆறுகிறது. வீங்கின முகத்தோடு இருக்கிறவளுக்கு மறுத்தால் மறுபடி அடி, இணங்கினால் இது. இதைத்தான் நாம் காலையில் பார்த்து, “புருஷன் பெண்டாட்டி சண்டை, ராத்திரியே ராசியாயிட்டாங்க” என்று சிரித்துவிட்டுப் பெரட்டுக்குப் போகிறோம்.

மூன்றாவது அவன் வளர்ந்த வீடு. சிறுவயதில் அடியும் அவமானமும் பாலியல் கொடுமையும் பட்டவர்களிடமும், தாய் அடிவாங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களிடமும் இந்தக் குணம் அதிகம் என்று நான் சொன்ன அந்த ஆய்வும் காட்டியது. ஒப்புக்கொண்டவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இருபது வயது ஆகுமுன்பே முதல் தடவை அதைச் செய்திருந்தார்கள். அதாவது, கல்யாணத்துக்கு முன்னாலேயே பாடம் முடிந்துவிட்டது. ஆனால் இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். தாய் அடிவாங்கியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் மிகப் பலர், தன் வீட்டில் அது நடக்கவே கூடாது என்று வைராக்கியமாக இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர்களில் அப்படிப்பட்டவர்களே அதிகம். வளர்ந்த வீடு ஒரு காரணம்தான், மன்னிப்புச் சீட்டு அல்ல.

இனி நம் சங்கத் தோழர்களுக்கே பிடித்த ஒரு வாதம். தொழிலாளியை முதலாளி அவமதிக்கிறான், அந்தக் கோபத்தை அவன் வீட்டில் காட்டுகிறான், சம்பளம் கூடினால் இது குறையும் என்பது அது. மே தினக் கூட்டத்தில் நானே இதைப் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கடன், தோல்வி, அவமானம் எல்லாம் மனிதனை நெரிக்கிறது என்பது மெய்தான். ஆனால் அதே மலையில், அதே கணக்கப்பிள்ளையிடம், அதே ஏச்சை வாங்கி, அட்டைக்கடியோடு முதுகில் கூடை சுமந்தவள் அவளும்தானே? வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறவளும் அவள்தானே? அவளுக்கு வராத உரிமை இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? சம்பளத்துக்காகப் போராடுவோம். அதைப் பெண்டாட்டியை வதைக்கிறவனுக்குச் சாக்காகக் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, ஒன்றும் நடக்காது என்கிற தைரியம். ஒப்புக்கொண்ட ஆண்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குச் சட்டப்படி எந்த விளைவும் வரவில்லை என்று அந்த ஆய்வு சொல்கிறது. நம் தோட்டத்தில் அந்தத் தைரியத்தைக் கொடுத்தவர்கள் யார் என்று நான் வெளியே தேடப் போவதில்லை. சூடம் அணைத்தால் போதும் என்று வைத்திருந்தது நான்.

இந்த விஷயத்தை வெட்கம் பார்த்து ஒதுக்கிவைக்க முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. அமெரிக்காவில் ஜாக்குலின் கேம்பல் என்ற தாதி, வீட்டு வன்முறையில் கொலை வரை போகக்கூடிய பெண் யார் என்பதை முன்கூட்டியே அறிய 1980களில் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். இன்று பல நாடுகளில் ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் அதைக் கேட்கிறார்கள். கழுத்தை நெரித்தானா, கொல்வேன் என்றானா, கர்ப்பமாக இருக்கும்போது அடித்தானா, எந்நேரமும் சந்தேகப்பட்டுக் காவல் காக்கிறானா, அண்மையில் அவனை விட்டுப் பிரிந்தாயா என்பவற்றோடு, விருப்பமில்லாமல் உறவுக்கு வற்புறுத்தினானா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. ஆகவே “ராவுல தொந்தரவு” என்று ஒருத்தி சொன்னால் அது கூச்சப்பட்டுக் கடந்துபோகிற பேச்சு அல்ல, அபாய மணி. அதோடு கழுத்தை நெரித்ததும் கத்தியைக் காட்டியதும் சேர்ந்திருந்தால், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவே கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது? 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். ஆனாலும் கணவன் செய்தால், நீதிமன்றத் தீர்ப்பினால் இருவரும் பிரிந்திருக்கும்போது செய்தால் மட்டுமே அது வல்லுறவுக் குற்றம். ஒரே கூரையின் கீழ் இருக்கிறவளுக்கு அந்தப் பிரிவு உதவாது. நமது சங்கம் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும்போதும் மனுக் கொடுக்கும்போதும் இதை ஒரு கோரிக்கையாக எழுதியதாக எனக்கு நினைவில்லை. எழுத வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடி, மிரட்டல், மனவதை எல்லாவற்றுக்கும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவள் சார்பில் பொலிசும் கேட்கலாம். அவசரமென்றால் முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு விசாரித்து 12 மாதம் வரை செல்லுபடியாகும் கட்டளை. அவள் இருக்கிற வீட்டுக்குள் அவன் நுழையக்கூடாது என்றும் அதில் உத்தரவிடலாம். மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1938 என்ற இலக்கம் பெண்களுக்கான உதவி இலக்கம். அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் “நட்பு நிலையம்” என்று ஒன்று இருக்கிறது, சிங்களத்தில் “மித்துரு பியச” என்பார்கள். அங்கே போனால் காயத்தை மட்டும் அல்லாமல் கதையையும் கேட்பார்கள். பொலிசில் தமிழில் முறைப்பாடு எடுக்க ஆளில்லாமல் திருப்பி அனுப்புவது நம் பெண்களுக்குப் புதிதல்ல. அங்கேதான் சங்கத்தின் ஆள் ஒருவர் கூடப் போக வேண்டியிருக்கிறது. கூடப் போகிறவர் “சமாதானமா போயிரலாம் சேர்” என்று அங்கேயும் பேச்சை ஆரம்பிக்கிறவராக இருந்தால் போகாமலிருப்பதே நல்லது.

இது வீட்டு விஷயம், சங்கத்துக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. 2019 இல் சர்வதேசத் தொழில் தாபனம் ஏற்றுக்கொண்ட 190 ஆம் இலக்கச் சமவாயம், வீட்டு வன்முறை வேலையையும் பாதிக்கிறது என்பதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்காதவள் காலையில் எப்படிக் கிலோ எடுப்பாள்? கிலோ குறைந்ததற்காக அவளுக்கு அரைப்பேர் போட்டபோது நான் தோட்டத் துரையோடு சண்டை போட்டிருக்கிறேன். கிலோ ஏன் குறைந்தது என்று அவளிடம் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய விதமும் இருக்கிறது. புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். ஆண் தலைவரிடமும் சொல்லமாட்டாள். மாதர் சங்கத்தில் வாய் கட்டியாக இருக்கக்கூடிய ஒருவர், பிள்ளைக்காம்பராவின் பக்கமோ மலையிலோ, தனியாக வைத்துக் கேட்க வேண்டும். “அடிச்சாரா” என்பதோடு நிறுத்தாமல், “ஒனக்கு இஷ்டமில்லாதப்பவும் வற்புறுத்துறாரா” என்று ஒரு கேள்வி கூடுதலாக. பதில் வராவிட்டால் தோண்டக்கூடாது. அவள் என்ன செய்ய நினைக்கிறாள் என்பதையும் அவளே சொல்லட்டும். நம் அவசரத்துக்கு அவளைப் பொலிசுக்கு இழுத்துப்போய், மாலையில் அதே காம்பராவில் அவனோடு விட்டுவிட்டு வருவது பழைய சமாதானத்தைவிட மோசம்.

ஆண்களிடமும் ஒரு வார்த்தை. இதை வாசிக்கும்போது உங்களில் யாருக்காவது நெஞ்சு குறுகுறுத்தால், உங்களைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் பேசுவதற்கு ஆள் இருக்கிறார்கள். குடியை விட முயல்வது நல்லது, ஆனால் குடியை விட்டபிறகும் “அவ என்னோடவ” என்கிற நினைப்பு அப்படியே இருந்தால் அதையும் பேசித்தான் ஆகவேண்டும். அவள் வேண்டாம் என்று சொன்ன இரவில் திரும்பிப் படுத்துக்கொண்ட ஆண்கள் நம் லயங்களில் ஏராளம். அவர்கள் யாரும் அதனால் ஆண்மை குறைந்து போய்விடவில்லை.

மூன்று முறை வந்த அந்தப் பெண் இப்போது தோட்டத்தில் இல்லை. பிள்ளைகளோடு கொழும்பில் எங்கோ வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவன் இங்கேதான் இருக்கிறான். போன மாதம் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்: முறைப்பாட்டுப் புத்தகம் இனி இரண்டாக இருக்க வேண்டும், பெண்கள் கொண்டுவருகிற முறைப்பாட்டை மாதர் சங்கத் தலைவி தன் கைவசம் பூட்டி வைக்க வேண்டும், “குடும்பப் பிரச்சினை” என்ற சொல்லை எழுதக்கூடாது என்று. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.